டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் ஈரம்: ஒரே டேங்க், ரெண்டு ரிப்போர்ட். எதை நம்பறது?

மில் எலக்ட்ரிகல் உடுமலை

எல்லாருக்கும் வணக்கம். உடுமலைப்பேட்டை பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் எலக்ட்ரிகல் சூப்பர்வைசரா இருக்கேன். டிப்ளமா முடிச்சு ஒன்பது வருஷம் ஆகுது. எண்ணெய் டெஸ்ட்னா இதுவரை கான்ட்ராக்ட் ஆள் வருவாங்க, எடுப்பாங்க, ரிப்போர்ட் ஃபைலுக்குப் போயிடும். இந்தத் தடவை அப்படி விட முடியல.

எங்க டிரான்ஸ்ஃபார்மர் 22 கேவி / 433 வோல்ட், 2500 கேவிஏ, 1998 மேக். கன்சர்வேட்டர் (எண்ணெய் விரிய, சுருங்க மேல இருக்கிற சின்ன டேங்க்), பிரீதர் (அது இழுக்கிற காத்தோட ஈரத்தை எடுக்கிற குடுவை) எல்லாம் உண்டு. எண்ணெய் ஏறக்குறைய 2000 லிட்டர்.

தீபாவளி முடிஞ்ச வாரம், வேலை நாள், மத்தியானம் ரெண்டு மணி, மூணு ஷிஃப்ட்டும் ஓடுற ஃபுல் லோடு. கான்ட்ராக்டர் ஆள் கையோட ஒரு கார்ல் ஃபிஷர் பெட்டியும் (எண்ணெயில இருக்கிற ஈரத்தை அளக்கிறது) பிடிவி செட்டும் (எத்தனை கேவி வரை எண்ணெய் தாங்கும்னு பார்க்கிறது) கொண்டுவந்து அங்கேயே பார்த்தார். ஓடிஐ, அதாவது எண்ணெய்ச் சூட்டு மீட்டர், 58 டிகிரி காட்டுச்சு. ஈரம் 34 பிபிஎம் (எடையில பத்து லட்சத்துக்கு 34 பங்கு), பிடிவி 46 கேவி. "பரவாயில்ல, ஆனா எதுக்கும் லேப்புக்கு ஒண்ணு அனுப்பிடலாம்"னு சொன்னார்.

அதுக்கடுத்த வாரம் ஞாயிறு மில் லீவு. காலையில ஏழு மணிக்கு எங்க ஹெல்ப்பர் கீழ் வால்வுல இருந்து ஒரு லிட்டர் பிடிச்சு அனுப்பினார். லேப் ரிப்போர்ட் 52 பிபிஎம். பிடிவி ஆறு தடவையும் போட்டிருக்காங்க: 31, 17, 22, 29, 19, 26. சராசரி 24. கீழே "உடனடி கவனம் தேவை"ன்னு முத்திரை.

இப்போ கான்ட்ராக்டர் மூணு நாள் ஃபில்டர் மெஷின் ஓட்டணும்னு கொட்டேஷன் கொடுத்திருக்கார். மூணு நாள் மில்லை நிறுத்துறதுன்னா முதலாளிக்கு நான் என்ன பதில் சொல்றது? நிறுத்தாம விட்டு அது வெடிச்சா அதுக்கும் நான்தான் பதில் சொல்லணும்.

என் கேள்வி மூணு. ஒண்ணு, பத்து நாள் இடைவெளியில 34 எப்படி 52 ஆகும்? ரெண்டு, பிடிவி பாதியா விழுமா? மூணு, நாங்களே ஸ்பாட்ல ஈரம் பார்க்க ஒரு கருவி வாங்கினா எது வாங்கலாம்? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

ஆரல்வாய்மொழி காற்றாலை

நண்பா, உங்க இடத்துல நானா இருந்தா லேப் ரிப்போர்ட்டைத்தான் நம்புவேன். ஸ்பாட் கருவி, உள்ள ஊத்துற ரீஏஜென்ட் (ரசாயனத் திரவம்) பழசானா எதை வேணா காட்டும்.

பயமுறுத்தச் சொல்லல, பட்டதைச் சொல்றேன். எங்க பக்கம் காத்து மே மாசம் எழும்பி செப்டம்பர் வரை அடிக்கும். அதுக்கப்புறம் பல மெஷின் சும்மாதான் நிக்கும். ஒரு வருஷம் அப்படி மாசக்கணக்கா சும்மா நின்ன ஒரு டிரான்ஸ்ஃபார்மரை, சீசன் தொடக்கத்துல மெகர் (இன்சுலேஷன் டெஸ்ட்) மட்டும் பார்த்துட்டு சார்ஜ் பண்ணினோம், அதாவது கரண்ட் கொடுத்தோம். பதினோராவது நிமிஷம் புக்கோல்ஸ் (உள்ளே கேஸ் உண்டானா நிறுத்துற ரிலே) ட்ரிப். திறந்து பார்த்தா எச்.டி. (உயர் அழுத்த) வைண்டிங்ல ரெண்டு டிஸ்க் நடுவுல கருகிப் போயிருந்தது. கீழே வடிச்ச எண்ணெயில தண்ணி உருண்டை உருண்டையா நின்னது. அந்த ஜாடியை இப்பவும் எங்க ஷெட்ல வெச்சிருக்கோம், புதுசா சேர்ற பசங்களுக்குக் காட்ட.

அதனால சந்தேகம்னா ஃபில்டர் பண்ணிடுங்க. பிடிவி செட் ஒண்ணு சொந்தமா வாங்கிக்கோங்க, அது போதும்.

ஆயில் லேப் 27 வருஷம்

தம்பி, நான் ஒரு எண்ணெய்ப் பரிசோதனைக் கூடத்தில் 27 வருஷம் வேதியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவள். என் கைக்கு வந்த பாட்டில்களில் டிரான்ஸ்ஃபார்மரின் ஈரத்தைவிட பாட்டிலின் ஈரத்தைத்தான் அதிகம் அளந்திருக்கிறேன். உங்கள் கேஸும் அந்த வாடை அடிக்கிறது. கொட்டேஷனில் கையெழுத்துப் போடும் முன் எனக்குச் சில பதில் வேண்டும்.

ஞாயிறு காலை மழை இருந்ததா? எண்ணெய் பிடித்தது எந்தப் பாட்டில்? வால்வைத் திறந்ததும் எவ்வளவு எண்ணெயைக் கீழே விட்ட பிறகு பிடித்தார்? வால்வு வாயை எதால் துடைத்தார்? வால்விலிருந்து வந்த எண்ணெயின் சூட்டை யாராவது அளந்தார்களா? ஓடிஐ காட்டுவது மேல் எண்ணெயின் சூடு, நீங்கள் பிடிப்பது கீழ் எண்ணெய். முதல் தடவை பிடிவியைச் சூடு ஆறுவதற்கு முன்பே போட்டார்களா?

மில் எலக்ட்ரிகல் உடுமலை

மேடம், ஹெல்ப்பர்கிட்ட உட்கார்ந்து விசாரிச்சேன். அவர் மேல தப்பில்ல, யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கல.

மழை: தூறல் இருந்திருக்கு. குடை பிடிச்சுக்கிட்டுப் பிடிச்சாராம்.
பாட்டில்: காலி மினரல் வாட்டர் பாட்டில். "நல்லா கவுத்து உதறிட்டுத்தான் பிடிச்சேன்"னு சொல்றார்.
கீழே விட்டது: ஒரு டம்ளர் அளவு.
துடைச்சது: காட்டன் வேஸ்ட்.
சூடு: ரெண்டு தடவையும் யாரும் அளக்கல.
முதல் நாள் பிடிவி: பிடிச்ச கையோட கப்புல ஊத்திப் போட்டாங்க. கப்பு கை சுடுற அளவு சூடா இருந்தது, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

ஆயில் லேப் 27 வருஷம்

நன்றி தம்பி. இவ்வளவு நேர்மையாக விசாரித்துச் சொன்னதற்கே பாதி வேலை முடிந்தது. அந்த ஹெல்ப்பரைத் திட்டாமல் கேட்டதும் நல்லது. அடுத்த தடவை அவரே சரியாகப் பிடிப்பார்.

முதலில் மினரல் வாட்டர் பாட்டில். ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 880 கிராம். ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறக்குறைய 50 மில்லிகிராம். உதறிய பாட்டிலின் கழுத்தில் ஒரே ஒரு சொட்டு ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது மட்டும் 57 பிபிஎம் கூட்டிவிடும். பாதிச் சொட்டு போதும், உங்கள் 34-ஐயும் லேப்பின் 52-ஐயும் சேர்த்துவைக்க. பாட்டில் எலும்பு போலக் காய்ந்திருந்தாலும் காற்று விடாது. மழைக்காலத்தில் 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றில் திறந்து வைத்த எண்ணெய், காற்றோடு சமன் ஆகிற வரை ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சூட்டில் அது 65 பிபிஎம் வரை போக முடியும். பிளாஸ்டிக் சுவரும் ஈரத்தை முழுதாகத் தடுப்பதில்லை.

இப்போது சூடு. எண்ணெயில் எவ்வளவு தண்ணீர் கரைந்திருக்க முடியும் என்பது முழுக்கச் சூட்டைப் பொறுத்தது. புது மினரல் எண்ணெய் 20 டிகிரியில் 55 பிபிஎம் வரை தாங்கும். 30-இல் 83. 50-இல் 174. 60-இல் 240-க்கு மேல். அதனால் பிபிஎம் என்ற எண்ணைச் சூட்டோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். கீழ் எண்ணெய் 50 டிகிரி இருந்தது என்று வைத்தால் உங்கள் முதல் 34 பிபிஎம், அது தாங்கக்கூடியதில் ஐந்தில் ஒரு பங்கு. இரண்டாவது 52, 30 டிகிரியில், 60 சதவீதத்துக்கு மேல். உண்மையிலேயே அந்த டேங்கில் 60 சதவீதம் இருந்தால் எனக்கும் தூக்கம் வராது. டிரான்ஸ்ஃபார்மர் ஆறும்போது எண்ணெயிலுள்ள ஈரம் மெல்ல, வைண்டிங்கைச் சுற்றியுள்ள இன்சுலேஷன் காகிதத்துக்குத் திரும்பும். ஞாயிறு காலை ஆறிய எண்ணெயில் பிபிஎம் குறைந்திருக்க வேண்டும், அல்லது அப்படியே நின்றிருக்க வேண்டும். கூடியிருக்கிறது என்றால் அது வெளியிலிருந்து வந்தது.

சூட்டை எழுதாமல் வருகிற சாம்பிளை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதற்காக என்னோடு சண்டை போட்டவர்களும் உண்டு. இன்றும் அதையேதான் செய்வேன்.

மூன்றாவது, பிடிவி. லேப் ஆறு எண்ணையும் கொடுத்ததற்கு அவர்களுக்கு நன்றி சொல்லுங்கள். சராசரி 24 எதையும் சொல்லாது. 17-க்கும் 31-க்கும் நடுவே அது துள்ளுவதைப் பாருங்கள். ஈரம் மட்டும் காரணமாக இருந்தால் எண்கள் தாழ்ந்து, ஆனால் ஓரளவு ஒன்றை ஒன்று ஒட்டி நிற்கும். இப்படித் துள்ளினால் எண்ணெயில் நார் மிதக்கிறதா என்று நான் முதலில் பார்ப்பேன். பஞ்சு நார் ஈரத்தை உறிஞ்சும். மின்புலம் வந்ததும் அந்த ஈர நார்கள் இரண்டு எலக்ட்ரோடுக்கும் நடுவே உள்ள 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில் வரிசையாக நின்று பாலம் போட்டுவிடும். நீங்கள் இருப்பதோ ஸ்பின்னிங் மில், துடைத்ததோ காட்டன் வேஸ்ட். லேப்பில் மீதி எண்ணெய் இருந்தால் வாங்கி, இருட்டறையில் பாட்டிலின் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள்.

முதல் நாள் 46-ஐயும் நான் ஏற்கமாட்டேன். சூட்டு எண்ணெய் அதே ஈரத்தோடு உயர்ந்த பிடிவி காட்டும். எண்ணெயின் சூடும் அறையின் சூடும் 5 டிகிரிக்கு மேல் வேறுபடக் கூடாது என்று பிடிவிக்கான சர்வதேசத் தரமுறை ஐஇசி 60156 சொல்வது அதனால்தான். ஆக உங்களிடம் இருப்பது ஒரு அழகுபடுத்திய எண், ஒரு அசிங்கப்படுத்திய எண். மறுபடியும் பிடிக்க வேண்டும்.

ஆரல்வாய்மொழி தம்பிக்கு: உங்கள் அனுபவம் மிகச் சரி. மாதக்கணக்கில் குளிர்ந்து நின்ற டேங்கில் ஈரம் கரைசலை விட்டு வெளியே வந்து அடியில் சேரும். அதை மெகர் மட்டும் வைத்துப் பிடிக்க முடியாது. ஆனால் அது நின்ற மெஷின், இது தினமும் சூட்டில் ஓடுகிற மெஷின். இரண்டையும் ஒரே அளவுகோலில் வைக்காதீர்கள்.

ஐடிஐ 2016 பேட்ச்

மேடம், ஒரு சின்ன சந்தேகம். எங்களுக்கு ஐடிஐல கிராக்கிள் டெஸ்ட் சொல்லிக் கொடுத்தாங்க. இரும்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில விட்டா சடசடன்னு சத்தம் வந்தா ஈரம் இருக்குன்னு அர்த்தம். செலவே இல்லையே. அதைப் பண்ணிப் பார்க்கக் கூடாதா?

ஆயில் லேப் 27 வருஷம்

கூடாது கண்ணா. அந்தச் சத்தம் வருகிற அளவு தண்ணீர் இருந்தால் எண்ணெய் எப்போதோ கெட்டுவிட்டது. 30-க்கும் 40-க்கும் வித்தியாசம் கம்பிக்குத் தெரியாது. சத்தம் வராததைக் கேட்டு "நல்ல எண்ணெய்" என்று எழுதிவிடுவோம், அதுதான் ஆபத்து. ஸ்விட்ச்யார்டில் பழுத்த இரும்பும் திறந்த எண்ணெயும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதையும் நான் ஒப்பமாட்டேன்.

உடுமலை தம்பி, இப்படி எடுங்கள்.

வேலை நாள், மழை இல்லாத நேரம், லோடு நிலையாக நாலைந்து மணி நேரம் ஓடிய பிறகு. முதலில் கன்சர்வேட்டரில் எண்ணெய் மட்டம் பாருங்கள். மட்டம் இல்லாமல் வால்வைத் திறந்தால் எண்ணெய் வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே போகும். அந்தக் குமிழ் ஓடுகிற வைண்டிங்கைத் தொட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். மட்டத்தில் சந்தேகம் இருந்தால் எல்.சி. (லைனை நிறுத்த அனுமதி) வாங்கி நிறுத்திவிட்டு எடுங்கள்.

வால்வின் மூடியைக் கழற்றி, வாயை நார் விடாத துணியால் துடையுங்கள். மில்லில் கிடைக்கும் எந்தத் துணியும் வேண்டாம், வெளியிலிருந்து வாங்குங்கள். பிறகு எண்ணெயை ஒரு பக்கெட்டில் விடுங்கள். ஒரு டம்ளர் போதாது. வால்வுக் குழாயில் மாதக்கணக்கில் நின்ற எண்ணெய் முழுதும் போய், டேங்கிலிருந்து சூடான எண்ணெய் வர வேண்டும். உங்கள் அளவு டேங்குக்கு இரண்டு லிட்டர் விடுவேன். குழாயைக் கையால் தொட்டாலே தெரியும், முதலில் சில்லென்று இருந்தது திடீரென்று சூடாகும். அப்போது ஓடுகிற எண்ணெயில் தெர்மாமீட்டரைப் பிடித்து எழுதுங்கள்.

ஈரத்துக்குக் கண்ணாடி சிரிஞ்சு, மூன்று வழி ஸ்டாப்காக் (திருகு அடைப்பான்) போட்டது, டிஜிஏ (எண்ணெயில் கரைந்த வாயுச் சோதனை) எடுக்கப் பயன்படுத்துவார்களே, அதே. ஒரு தடவை எண்ணெயால் நிரப்பிக் கழுவி வெளியே தள்ளுங்கள். இரண்டாவது தடவை குமிழ் இல்லாமல் நிரப்பி மூடுங்கள். பிஸ்டனை இழுக்க வேண்டாம், எண்ணெயின் அழுத்தமே தள்ளட்டும். பிடிவிக்கு உலர்ந்த பழுப்புக் கண்ணாடி பாட்டில். அதையும் அதே எண்ணெயால் கழுவி, நுனி வரை நிரப்பி, விரிவடையக் கொஞ்சம் இடம் மட்டும் விட்டு மூடுங்கள்.

அங்கேயே கார்ல் ஃபிஷர் போடுவதானால் பெட்டியை ஜெனரேட்டர் பக்கமோ வெயிலிலோ வைக்காதீர்கள். ஒரு அறைக்குள் வையுங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும், அந்த ரீஏஜென்ட் வாடை உடம்புக்கு நல்லதல்ல. முதலில் ட்ரிஃப்ட் (எண்ணெய் விடாமலே கருவி காட்டும் பின்னணி ஈரம்) இறங்கி நிலைக்கும் வரை பொறுங்கள். அவசரப்படும் ஆள் தோற்பது இங்கேதான். ஒரு மில்லி எண்ணெயில் 30 பிபிஎம் என்றால் மொத்தத் தண்ணீரே 26 மைக்ரோகிராம். ஊசி நுனியில் விரல் பட்ட வியர்வை அதைவிடப் பல மடங்கு இருக்கும். சிரிஞ்சை எடை போடு, ரப்பர் மூடி வழியாகக் குத்து, எண்ணெயைத் தள்ளு, மறுபடி எடை போடு. இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் விட்ட எண்ணெய். இப்படி மூன்று தடவை. மூன்றும் இரண்டு மூன்று பிபிஎம்முக்குள் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கருவியில் அல்ல, முதலில் உங்கள் கையில் தப்பைத் தேடுங்கள்.

பிடிவி சாம்பிளை மூடியபடியே அறைச் சூட்டுக்கு வர விடுங்கள். ராத்திரி முழுக்க ஆனாலும் பரவாயில்லை.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். பிரீதரைப் போய்ப் பாருங்கள்.

மில் எலக்ட்ரிகல் உடுமலை

மேடம், ஒரு வாரம் பதில் போட முடியல. நீங்க சொன்ன ஒவ்வொண்ணையும் பண்ணிட்டு வந்திருக்கேன்.

முதல்ல லேப் பாட்டில். மீதி எண்ணெய் இருந்தது, வாங்கிட்டு வந்து பேனல் ரூம்ல லைட்டை அணைச்சுட்டு டார்ச் அடிச்சேன். ரெண்டு நிமிஷம் ஒண்ணும் தெரியல. பாட்டிலை மெல்லச் சுத்தினதும் தெரிஞ்சது, தலைமுடியைவிட மெலிசா, வெள்ளி மாதிரி மினுக்கிக்கிட்டு நார் மிதக்குது. எண்ணினேன், ஒரு பார்வைல பதினாலு. காட்டன் வேஸ்ட்டைக் கையில எடுத்து ஒப்பிட்டேன், அதேதான். ஹெல்ப்பரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

புது சாம்பிள் புதன்கிழமை எடுத்தோம். மழை இல்ல. ரெண்டு லிட்டர் பக்கெட்ல விட்டோம். குழாய் சில்லுன்னு இருந்து சூடானதைக் கையில உணர்ந்தோம், நீங்க சொன்ன மாதிரியே. ஓடிஐ 57. வால்வுல வந்த எண்ணெய் 49. கான்ட்ராக்டர் ஆளும் கூட இருந்தார், முறைப்படி எடுக்கிறதுன்னதும் அவரே ஆர்வமா நின்னார்.

கார்ல் ஃபிஷர் மூணு தடவை: 32, 30, 31.
பிடிவி மறுநாள் காலை, அறைச் சூட்டுல: 51, 44, 56, 49, 53, 47. சராசரி 50.

பிரீதர் விஷயம் சொல்ல மனசு கஷ்டமா இருக்கு. உள்ள இருக்கிற சிலிக்கா ஜெல் (ஈரம் உறிஞ்சுற மணிகள்) மேலிருந்து கீழ் வரை முழுசும் வெளிறின ரோஸ். அடியில இருக்கிற எண்ணெய்க் கப்பு காலி. கண்ணாடிக்குக் கீழ இருக்கிற கேஸ்கெட் வெடிச்சுப் போய், விரல் வெச்சா துண்டு துண்டா வருது. நான் தினமும் அந்தப் பக்கம் நடக்கிறேன்.

ஆயில் லேப் 27 வருஷம்

தம்பி, மனசு கஷ்டப்பட வேண்டாம், கண்டுபிடித்துவிட்டீர்கள்.

எண்களைப் பார்ப்போம். 49 டிகிரியில் எண்ணெய் தாங்குவது 168 பிபிஎம். உங்களிடம் 31. அதாவது 18 சதவீதம். 5-க்குக் கீழ் என்றால் உலர்ந்த இன்சுலேஷன், 20-ஐத் தாண்டினால் ஈரம், 30-ஐத் தாண்டினால் மோசம். நீங்கள் நடுப்பகுதியின் மேல் விளிம்பில் நிற்கிறீர்கள். 72.5 கேவிக்குக் கீழ்ப்பட்ட டிரான்ஸ்ஃபார்மருக்கு, ஓடும் எண்ணெய்க்கான தரமுறை ஐஇசி 60422 சொல்வது 30 பிபிஎம் வரை நல்லது, 40 வரை சுமார், அதற்கு மேல் மோசம். பிடிவி 40-க்கு மேல் நல்லது. உங்கள் பிடிவி 50, கவலை இல்லை. ஈரம் சுமாரின் வாசற்படியில்.

ஆக நாளைக்கே மில்லை நிறுத்த வேண்டிய நிலை இல்லை. ஆனால் "ஒன்றுமில்லை" என்றும் சொல்லமாட்டேன்.

ஏன் என்று கணக்குப் போடுகிறேன், இதை உங்கள் முதலாளிக்கும் காட்டுங்கள். 2000 லிட்டர் எண்ணெய், 1760 கிலோ. 31 பிபிஎம் என்றால் அதிலுள்ள தண்ணீர் மொத்தம் 55 கிராம், கால் டம்ளர். உள்ளே இருக்கும் காகிதமும் பிரஸ்போர்டும் 150 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் ஈரத்திலிருந்து காகித ஈரத்தைச் சொல்லும் சமநிலை வரைபடத்தில் உங்கள் எண்களை வைத்தால் காகிதத்தில் ஈரம் 3 சதவீதத்தைச் சுற்றி வருகிறது. எண்ணெய் பழசு, அதில் கரைதிறன் கூடும், அதனால் வரைபடம் கொஞ்சம் மிகையாகக் காட்டும். இருந்தாலும் 3 என்றே வைத்தால் நாலரைக் கிலோ தண்ணீர். ஃபில்டர் மெஷின் மூன்று நாளில் அந்தக் கால் டம்ளரை அருமையாக எடுத்துவிடும். பிடிவி 65, 70 என்று ரிப்போர்ட் வரும். சில வாரத்தில் காகிதம் மறுபடி எண்ணெய்க்கு ஈரத்தை விடும், பிபிஎம் பழைய இடத்துக்கே வரும். எண்ணெயைச் சுத்தம் செய்வது வேறு, காகிதத்தைக் காய வைப்பது வேறு.

இனி பிரீதர். உங்கள் எண்ணெய் சனி ராத்திரியிலிருந்து ஞாயிறு காலைக்குள் 28 டிகிரி ஆறுகிறது என்றால் 40 லிட்டருக்கு மேல் சுருங்கும். அவ்வளவு காற்றை வெளியிலிருந்து இழுக்கும். மழைக்காலக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 24 கிராம் ஈரம். ஆக ஒவ்வொரு ஞாயிறும் ஒரு கிராம் தண்ணீர் உள்ளே போகிறது, வருஷத்துக்கு 50 கிராம். காலி எண்ணெய்க் கப்பும் செத்த சிலிக்காவும் அதைத் தடுக்கவில்லை. போதாததற்கு உங்கள் மில் காற்றில் பறக்கும் பஞ்சுத் தூசியும் அதே வழியாகப் போயிருக்கலாம். கப்பில் எண்ணெய் வைப்பதே தூசியைப் பிடிக்கவும், சும்மா இருக்கும் நேரத்தில் சிலிக்காவை வெளிக்காற்றிலிருந்து மறைக்கவும்தான்.

செய்ய வேண்டியது: கேஸ்கெட், சிலிக்கா, கப்பு எண்ணெய் இந்த வாரமே. சிலிக்கா வாங்கும்போது கோபால்ட் இல்லாத ஆரஞ்சு நிற வகை கேளுங்கள். அது ஈரமானால் பச்சையாகும், நீலத்திலிருந்து ரோஸுக்கு மாறும் பழையதைவிடக் கைக்கு நல்லது. மேல் மூடி, பார்வைக் கண்ணாடி, எச்.டி. பக்கக் கேஸ்கெட் எல்லாவற்றிலும் கசிவு பாருங்கள். எண்ணெய் வெளியே கசியும் இடத்தில் குளிரும்போது ஈரம் உள்ளே வரும். அமிலத்தன்மையும் டான் டெல்டாவும் (எண்ணெயின் மின் இழப்பைக் காட்டும் சோதனை) ஒரு தடவை போட்டுவிடுங்கள், 1998 எண்ணெய் மாற்றாமல் இருந்தால் அதுதான் எனக்கு ஈரத்தைவிடப் பெரிய கேள்வி. மூன்று மாதம் கழித்து இதே சூட்டில், இதே வால்வில், இதே முறையில் மறுபடி எடுங்கள். 31 அங்கேயே நின்றால் பொங்கல் லீவு, ஆயுத பூஜை லீவு என்று ஒரு நீண்ட நிறுத்தத்தில் வேக்குவத்தோடு காகிதத்தைக் காயவைப்பதைத் திட்டமிடுங்கள். 40-ஐ நோக்கி ஏறினால் லீவுக்குக் காத்திருக்க வேண்டாம்.

கருவி பற்றிக் கேட்டீர்கள். ஒரே ஒரு டிரான்ஸ்ஃபார்மருக்குச் சொந்தமாக கார்ல் ஃபிஷர் வாங்காதீர்கள். ரீஏஜென்ட் மாதத்தில் ஒரு நாள் தொடுவதற்கு ஆனதல்ல, திறந்த பாட்டில் தானாகவே காற்றின் ஈரத்தைக் குடித்துத் தீரும். கால்சியம் ஹைட்ரைடு பொடி போட்டு வரும் ஹைட்ரஜன் அழுத்தத்தைப் பார்க்கும் கிட்டும் உண்டு. தண்ணீர் நிறைய இருக்கிறதா என்று கேட்க அது சரி, 31-ஆ 36-ஆ என்று கேட்க அது போதாது. உங்களுக்குப் பொருத்தமானது வால்வில் பொருத்தும் ஈரச் சென்சார். அது நேராகச் செறிவுச் சதவீதத்தையும் (எண்ணெய் தாங்கக்கூடியதில் எத்தனை சதவீதம் ஈரம் என்பதையும்) சூட்டையும் காட்டும், சாம்பிளே எடுக்க வேண்டாம், காற்றும் தொடாது. ஆனால் சென்சாரைத் தாண்டி எண்ணெய் ஓட வேண்டும், செத்த மூலையில் நின்ற எண்ணெயில் வைத்தால் அந்த மூலையைத்தான் படிக்கும். அது காட்டும் பிபிஎம் புது எண்ணெயின் கணக்கு, அதை விட்டுவிட்டு சதவீதத்தை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆரல்வாய்மொழி காற்றாலை

மேடம், அன்னைக்கு அவசரப்பட்டு ஃபில்டர் பண்ணச் சொன்னதை வாபஸ் வாங்கறேன். இன்னைக்கு எங்க பக்கம் பதினெட்டு பிரீதர் பார்த்தேன். ஏழுல கப்பு காலி.

ஒரு கேள்வி: சும்மா நிக்கிற டிரான்ஸ்ஃபார்மர்ல எண்ணெய் சூடே இல்லையே. அங்க எப்படி அளக்கறது?

ஆயில் லேப் 27 வருஷம்

நல்ல கேள்வி. குளிர்ந்து நின்ற டேங்கில் அடியில் ஒன்று, மேலே ஒன்று, இரண்டு சாம்பிள் எடுங்கள். அடி வால்வில் முதலில் வருவதைக் கொட்டாதீர்கள். அதைத் தனிக் கண்ணாடி ஜாடியில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள், தனியாக நிற்கும் தண்ணீர் முதலில் வருவது அதில்தான். பிறகு முறைப்படி விட்டுப் பிடியுங்கள். அங்கே கிடைக்கும் பிபிஎம்மை வைத்துக் காகிதத்தைக் கணக்கிடாதீர்கள், வாரக்கணக்கில் ஒரே சூட்டில் நிற்காத வரை எண்ணெயும் காகிதமும் சமநிலைக்கு வந்திருக்காது. சார்ஜ் செய்யும் முன் பிடிவி கட்டாயம். சார்ஜ் செய்த பிறகு லோடு இல்லாமல் ஒரு நாள் சூடேற விட்டு, மறுபடி ஒரு சாம்பிள் எடுத்துப் பாருங்கள்.

மில் எலக்ட்ரிகல் உடுமலை

கேஸ்கெட் மாத்தியாச்சு, ஆரஞ்சு சிலிக்கா போட்டாச்சு, கப்புல எண்ணெய் கோடு வரை இருக்கு. ஹெல்ப்பரே தினமும் காலையில கலர் பார்த்து லாக் புக்ல எழுதறார், தன் கையெழுத்துல. முதலாளிகிட்ட அந்தக் கால் டம்ளர், நாலரைக் கிலோ கணக்கைக் காட்டினேன். மூணு நாள் நிறுத்தம் இப்போ வேண்டாம்னு முடிவாச்சு. அமிலத்தன்மை, டான் டெல்டா சாம்பிள் நாளைக்குப் போகுது, கண்ணாடி பாட்டில்ல, 50 டிகிரின்னு லேபிள்ல எழுதி. ரிசல்ட் வந்ததும் இங்கேயே போடறேன் மேடம்.